கன எண்ணை அறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

எண்ணும் வடிவும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே வளர்ந்தன என்பது கணித வரலாறு கூறும் உண்மை. நீளத்தை அளக்க முயன்ற மனிதன் எண்ணைக் கண்டான். நிலத்தை அளக்க முயன்றபோது வர்க்கத்தைக் கண்டான். குவியலையும் குழியையும் அளக்க முயன்றபோது கனத்தைக் கண்டான். ஒரே எண்ணை மும்முறை வைத்துப் பெருக்கினால் வரும் பயன் கன எண் எனப்படும். 1, 8, 27, 64, 125 என்னும் வரிசை இடைநிலை வகுப்பு மாணாக்கர் அனைவரும் அறிந்ததே. அவ்வரிசையை ஒப்பித்தல் எளிது. முன்பின் அறியாத ஓர் எண்ணைத் தந்து, 'இது கன எண்ணா, அன்றா?' என வினவினால் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. இவ்வொரு வினாவை மாந்தர் எவ்வாறெல்லாம் அணுகினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மனப்பாடத்தால் அடைய இயலாத இவ்வறிவை, எண்ணின் உள்ளமைப்பை நோக்கும் பயிற்சியால் எவரும் அடையலாம் என்பதே அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

மலைநாட்டிலிருந்து ஒரு வினா

இலங்கையில் மணலும் சல்லிக்கல்லும் 'கியூப்' என்னும் அளவால் விற்கப்படுகின்றன. கொத்மலைப் பகுதித் தோட்டங்களில் வீடு கட்டுவோரும் பாதை அமைப்போரும் 'ஒரு கியூப் மணல்', 'இரண்டு கியூப் சல்லி' என்று கூறக் கேட்கிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. 'கியூப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் கனம் என்பதே. ஆயின் 100 ஒரு கன எண்ணா? 4 அடிப் பக்கமுள்ள கனப்பெட்டி 64 கன அடி கொள்ளும். 5 அடிப் பக்கமுள்ள பெட்டி 125 கன அடி கொள்ளும். ஒரு கியூப் மணலை மேலே வெற்றிடமின்றி, வெளியே மிச்சமின்றிக் கொள்ளக்கூடிய கனப்பெட்டியை முழு அடிகளைப் பக்கமாகக் கொண்டு எவரும் செய்ய முடியாது. பெயரால் கனமாயினும், எண்ணால் அது கனமன்று.

இவ்வேறுபாடு மாணாக்கர் பலருக்கு இடர் விளைப்பது. 'கன அடி' என்பது அளக்கும் அலகின் பெயர்; 'கன எண்' என்பது எண்ணின் இயல்பு. எத்துணைக் கன அடி என்னும் வினாவுக்கு எந்த எண்ணும் விடையாகலாம். அவ்விடை எண் தானும் கனமாக அமைதல் அரிது. 1 முதல் 1000 வரையுள்ள ஆயிரம் எண்களில் கன எண்கள் பத்தே பத்து. இத்துணை அருகிக் கிடப்பனவற்றை இனங்காண்பதற்கு வழி வேண்டும் அல்லவா?

பழையோர் வகுத்த வாய்பாடுகள்

முதன்முதலில் தோன்றிய வழி வாய்பாடே. 1854ஆம் ஆண்டில் மெசொப்பொத்தேமியாவின் செங்கெரே என்னுமிடத்தில், பண்டைய லார்சா நகரின் இடிபாடுகளுள் கிடைத்த களிமண் பலகைகளில் 59 வரையிலான எண்களின் வர்க்கங்களும் 32 வரையிலான எண்களின் கனங்களும் ஆப்பு வடிவ எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. அவை ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு பழமை உடையன. பாபிலோனியக் கணக்கர் கனமூலத்தை அறிய விரும்பியபோது இத்தகைய வாய்பாட்டைத் தலைகீழாக நோக்கினர். வாய்பாட்டில் உள்ள எண் கனம்; இல்லாதது கனம் அன்று. நம் வகுப்பறைகளில் இன்றும் பெரும்பாலோர் கையாளும் முறை இதுவேயாம். வாய்பாடு முடியும் இடத்தில் இவ்வறிவும் முடிந்துவிடும் என்பதே இதன் குறை.

கிரேக்கர் வடிவத்தின் வழியே நோக்கினர். தெலோசுத் தீவிலிருந்த அப்பொல்லோ தெய்வத்தின் கனவடிவப் பலிபீடத்தை இருமடங்காக்குமாறு அசரீரி கூறியதென்றும், பக்கத்தை இரட்டித்த மக்கள் பீடம் எண்மடங்காகப் பெருத்தமை கண்டு திகைத்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 2 ஒரு கன எண் அன்று என்பதே அச்சிக்கலின் வேர். அளவுகோலும் கவராயமும் மட்டுங் கொண்டு அப்பீடத்தை அமைத்தல் இயலாதென்பதை 1837இல் வான்செல் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார்.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வாழ்ந்த நிக்கொமாக்கசு வேறோர் அழகிய உண்மையை எடுத்துக்காட்டினார். ஒற்றை எண்களை வரிசையாக எழுதி, முதலில் ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று எனக் கூட்டுக. 1; 3 + 5 = 8; 7 + 9 + 11 = 27; 13 + 15 + 17 + 19 = 64. கூட்டல் மட்டும் அறிந்த சிறுவனும் கன எண்களைத் தானே ஆக்கிக்கொள்ள இயலும் என்பதை இது காட்டுகிறது.

ஆரியபட்டர் காட்டிய வழி

வாய்பாட்டின் எல்லையைக் கடந்து, எத்துணைப் பெரிய எண்ணையும் சோதிக்கும் முறையொன்றை நம் நாட்டு மரபில் தெளிவுறத் தந்தவர் ஆரியபட்டர். கி.பி. 476இல் பிறந்த இவர் தம் 23ஆம் வயதில், அதாவது 499இல், இயற்றியதாகக் கூறப்படும் ஆரியபட்டீயம் என்னும் நூலின் கணிதப் பகுதி 33 செய்யுட்களால் ஆயது. ஒத்த மூன்றின் பெருக்கமும், பன்னிரு விளிம்புகள் உடைய திண்மமும் ஆகிய இரண்டையும் 'கனம்' என்னும் ஒரே சொல்லால் அவர் குறித்தார். எண்ணும் வடிவும் ஒன்றே என்னும் நோக்கு அச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது.

அடுத்து அவர் கனமூலம் காணும் முறையைக் கூறுகிறார். எண்ணின் வலக்கோடியிலிருந்து தொடங்கி, முதல் இடத்தைக் கன இடம் என்றும், அடுத்த இரண்டையும் அகன இடங்கள் என்றும் பெயரிட்டு, மும்மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இம்முறையை 17576 என்னும் எண்ணில் வைத்துக் காண்போம்.

வலமிருந்து பிரித்தால் 17, 576 என இரு கூறுகள் கிடைக்கும். 17க்குள் அடங்கும் மிகப் பெரிய கனம் 8. அதன் மூலம் 2. ஆகவே மூலத்தின் முதல் இலக்கம் 2. 17இலிருந்து 8ஐக் கழிக்க 9 மிஞ்சும். அடுத்த இலக்கமாகிய 5ஐ இறக்க 95 ஆகும். இதனை 2இன் வர்க்கத்தின் மும்மடங்காகிய 12ஆல் வகுத்தல் வேண்டும். ஈவு 7 வரை செல்லுமாயினும், 7 கொண்டால் அடுத்த படியில் கழித்தல் இயலாது போகும். எனவே 6 கொள்க. 95இலிருந்து 72 போக 23. அடுத்த இலக்கமாகிய 7ஐ இறக்க 237. இதிலிருந்து 3 × 2 × 36, அதாவது 216ஐக் கழிக்க 21 எஞ்சும். இறுதி இலக்கமாகிய 6ஐ இறக்க 216. இதிலிருந்து 6இன் கனமாகிய 216ஐக் கழிக்க எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே 17576 கன எண். அதன் மூலம் 26.

இம்முறையின் சிறப்பு யாது? இது மூலத்தைத் தருவதோடு அமையாமல், கன எண்ணுக்கும் அல்லாததற்கும் உள்ள வேறுபாட்டையும் ஒருங்கே காட்டிவிடுகிறது. இறுதியில் மீதி இல்லையாயின் அது கனம். மீதி உளதாயின் கனமன்று. 17586 என்னும் எண்ணை எடுத்து இவ்வாறே செய்தால் முடிவில் 10 மிஞ்சும். நினைவில் வைத்த வாய்பாட்டின் துணை பெரிதும் வேண்டாமலே, ஒன்பது வரையிலான கனங்களை மட்டும் அறிந்த ஒருவர் எந்த எண்ணையும் சோதித்துவிடலாம்.

ஆரியபட்டருக்குப் பின் 628இல் பிரமகுப்தரும், ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரரும், 1150இல் லீலாவதி இயற்றிய பாஸ்கரரும் இப்பொருளை விரித்துரைத்தனர். மகாவீரரின் கணிதசாரசங்கிரகம் 1912இல் பேராசிரியர் மா. இரங்காசாரியரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் வெளியிடப்பட்டமை நினைவுகூரத் தக்கது.

நூறு தரும் வியப்பு

முதல் சில எண்களின் கனங்களைக் கூட்டினால், அவ்வெண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் கிடைக்கும் என்னும் உண்மையையும் ஆரியபட்டர் அறிந்திருந்தார். கேரளத்துத் திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி (1444–1544) தம் ஆரியபட்டீய பாடியத்தில் இதனை வடிவ வழியாக விளக்கினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கி.பி. 1000ஐ ஒட்டிப் பாக்தாதில் வாழ்ந்த அல்-கராஜியும் இதனைச் சதுர வடிவால் காட்டியிருந்தார்.

அவ்வடிவை மணலிற் கீறியே காட்டலாம். 10 அலகுப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைக. அதன் ஒரு மூலையில் 1 அலகுச் சதுரம் இடுக. அதனை ஒட்டி இரு புறமும் 2 அலகு அகலமுள்ள பட்டையொன்றைச் சேர்த்தால் 3 அலகுச் சதுரமாகும். 3 அலகுப் பட்டை சேர்த்தால் 6 ஆகும். 4 அலகுப் பட்டை சேர்த்தால் 10 ஆகி முழுச் சதுரமும் நிறையும். பட்டைகளின் பரப்பை முறையே கணக்கிட்டால் 1, 8, 27, 64 என வரும். இவற்றின் கூட்டுத்தொகை 100.

இங்கு நாம் தொடங்கிய வினா புதுப்பொருள் பெறுகிறது. ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, ஒரே கனப்பெட்டியில் அடங்காது. ஆயின் 1, 2, 3, 4 அடிப் பக்கமுள்ள நான்கு கனப்பெட்டிகளில் அது மிச்சமின்றி அடங்கிவிடும். கனமல்லாத எண்ணும் கனங்களின் கூட்டாக அமையலாம் என்னும் இவ்வெண்ணமே பிற்காலத்தில் பெரியதோர் ஆராய்ச்சித் துறையாக விரிந்தது. அத்துறையில் தமிழர் இருவர் ஆற்றிய பணியை இனி நோக்குவோம்.

தமிழறிஞர் இருவர்

பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற சிறுவர் 'குழிமாற்று' என்னும் பெயரால் வர்க்க வாய்பாட்டை ஒப்பித்து வந்தனர். எண்களோடு இளமையிலேயே உறவு பூணும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அவ்வாறு எண்களோடு உறவாடியவருள் தலையாயவர் 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். இங்கிலாந்தில் நோயுற்றிருந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்றதாகத் தோன்றுகிறதென்றும் கூறினார். இரு கனங்களின் கூட்டாக இரு வேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று இராமானுஜன் உடனே மறுமொழி பகர்ந்தார். 1728 என்பது 12இன் கனம். அதனோடு 1இன் கனம் சேர 1729. 729 என்பது 9இன் கனம்; 1000 என்பது 10இன் கனம்; இரண்டும் சேர்ந்தாலும் 1729.

இந்நிகழ்ச்சியை வெறும் நினைவாற்றலின் விந்தையாகக் கூறுவோர் பலர். இரு கனங்களின் கூட்டு மற்றொரு கனத்துக்கு ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் நிலைகளை இராமானுஜன் தம் ஆராய்ச்சியில் முன்னரே ஆழ நோக்கியிருந்தார் என்பதை அவருடைய கையெழுத்துப் படிகள் காட்டுகின்றன. 1729ஐக் கண்டபோது அவர் கண்ணுக்குப் புலப்பட்டது பழகிய ஓர் அமைப்பேயாகும்.

மற்றவர் சு. சி. பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்திற் பிறந்து, செங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1770இல் வேரிங் என்னும் ஆங்கிலேயர் ஒரு கருத்தை வெளியிட்டார்: எந்த எண்ணையும் ஒன்பதுக்கு மேற்படாத கனங்களின் கூட்டாக எழுதலாம் என்பது அது. 23ஐ எடுத்துக்கொண்டால், இரண்டு 8களும் ஏழு 1களுமாக ஒன்பது கனங்கள் வேண்டும். வேரிங்கின் கூற்றைக் கனங்களைப் பொறுத்தவரை 1909இல் வீபெரிக்கும், அவர் விட்ட இடைவெளியை நிரப்பி 1912இல் கெம்ப்னரும் நிறுவினர். ஒன்பது கனங்களும் வேண்டப்படும் எண்கள் 23, 239 ஆகிய இரண்டே என்பதை 1939இல் டிக்சன் காட்டினார். இதே வினாவை உயர்ந்த அடுக்குகளுக்கு விரித்து ஆராய்ந்த பிள்ளை, ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதை 1940இல் நிறுவி உலகப் புகழ் எய்தினார். அமெரிக்காவில் நடைபெறவிருந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகத்து 31ஆம் நாள் எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தமை தமிழுலகுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

தோட்டப் பாடசாலையும் ஐந்தாம் வகுப்பும்

இத்துணைச் செழுமையான அறிவு மலைநாட்டுத் தோட்டச் சிறாரை எட்டியதா என்னும் வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் வேண்டும் என விதித்தது. கல்விக்கு அச்சட்டம் வகுத்த எல்லையும் அதுவே ஆயிற்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என அமைந்த அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1970களிலேயே அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி தொடங்கிப் படிப்படியாக நிறைவேறியது.

கன எண் என்பது ஆறாம் வகுப்புக்குப் பின் வரும் பாடம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் கற்ற பிள்ளை, எண்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் காணத் தொடங்கும் வாயில் அதுவே. அவ்வாயிலின் முன்னர்த் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டனர். கொழுந்தின் நிறையைக் கணக்கிடவும் செக்குருலில் பெயரைச் சரிபார்க்கவும் போதிய கணக்கே அவர்களுக்குப் போதும் என அன்றையோர் கருதினர் போலும். ஆறறிவும் ஆர்வமும் உடைய எத்துணைப் பேர் அவ்வாறு நின்றனர் என்பதை எவர் எண்ணிச் சொல்ல வல்லார்?

இன்று அவ்வாயில் திறந்துள்ளது. திறந்த வாயிலின் உள்ளே நாம் தரும் பாடம் யாது என்பதே இனி எழும் வினா. பாபிலோனியர் வாய்பாட்டை மட்டும் ஒப்பிக்கச் செய்து அனுப்புவோமாயின், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு வளர்ச்சியை மறைத்துவிட்டு முதற்படியை மட்டும் காட்டியவராவோம்.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும்

கன எண்ணை அறியும் வழிகளை இங்குத் தொகுத்து நோக்குதல் பயனுடைத்து.

முதலாவது, இறுதி இலக்கம். வர்க்க எண் 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடிவதில்லை. கன எண்ணுக்கு அத்தகைய விலக்கு இல்லை. பத்து இலக்கங்களிலும் அது முடியலாம். ஆதலின் இறுதி இலக்கத்தைக் கண்டு ஓர் எண்ணைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது கனமாயின் மூலத்தின் இறுதி இலக்கம் யாதென அறியலாம். 2இல் முடியும் எண்ணின் கனம் 8இலும், 8இல் முடிவதன் கனம் 2இலும், 3இன் கனம் 7இலும், 7இன் கனம் 3இலும் முடியும்; ஏனையவை தம் இலக்கத்திலேயே முடியும்.

இரண்டாவது, ஒன்பதால் வகுத்தல். எந்தக் கன எண்ணையும் 9ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 ஆகிய மூன்றனுள் ஒன்றே வரும். இலக்கங்களைக் கூட்டியே இதனை அறியலாம். இது தள்ளுவதற்கு உதவும், கொள்வதற்குப் போதாது. 100இன் மீதி 1. எனினும் அது கனம் அன்று.

மூன்றாவது, காரணிப்படுத்தல். எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், ஒவ்வொரு பகாக் காரணியும் மும்மூன்றாகக் கூடி நிற்றல் வேண்டும். 17576 என்பது மூன்று 2களும் மூன்று 13களும் ஆம், ஆகவே கனம். 100 என்பது இரண்டு 2களும் இரண்டு 5களும் ஆம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறைகிறது; 2 × 5 = 10ஆல் பெருக்கினால் குறை நீங்கும். ஆகவே பத்துக் கியூப் மணல் 10 அடிப் பக்கமுள்ள கனப்பெட்டியைச் சரியாக நிரப்பும். நான்காவது, மேலே விளக்கிய ஆரியபட்டர் முறை.

இவற்றைக் கொத்மலையின் பெரிய அளவொன்றில் வைத்துப் பார்ப்போம். மகாவலி கங்கையின் கிளையாகிய கொத்மலை ஓயாவின் குறுக்கே 87 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பெற்று 1985இல் திறக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம் 17 கோடியே 40 இலட்சம் கன மீற்றர் நீர் கொள்வது. 174,000,000 என்னும் இவ்வெண் கனமா? ஒன்பது இலக்கங்களைக் கண்டு அஞ்ச வேண்டா. பத்து இலட்சம் என்பது 100இன் கனம். ஆகவே 174 கனமாயின் முழு எண்ணும் கனமாகும், அன்றேல் ஆகாது. 174இன் இலக்கங்களைக் கூட்ட 12. 9ஆல் வகுக்க மீதி 3. ஒரு நொடியில் விடை கிடைத்துவிட்டது: அது கனமன்று. மேலும், 174 என்பது 125க்கும் 216க்கும் இடைப்பட்டது. அதாவது அந்நீர் முழுவதையும் கொள்ளும் கனப்பெட்டியின் பக்கம் 500 மீற்றருக்கும் 600 மீற்றருக்கும் இடையில் அமையும். ஆரியபட்டர் முறையைத் தொடர்ந்தால் அது 558 மீற்றருக்குச் சற்று மிகுதி எனத் துலங்கும். அணையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட பெட்டி அது! நாள்தோறும் கண்ணுறும் நீர்ப்பரப்பின் பெருமையை இத்தகைய ஒரு கணக்குப் போல உணர்த்துவது பிறிதில்லை.

எண்கள் எவர்க்கும் உரிமையுடையன. கருவிகள் பல வேண்டாத கல்வி இது; தரையும் மணலும் சில கூழாங்கற்களும் போதும். 'இது கனமா?' என்னும் சிறு வினாவுக்கு மாணாக்கர் விடை கூறினால் மட்டும் ஆசிரியர் அமைதல் கூடாது, 'எவ்வாறு அறிந்தாய்?' என்றும் வினவுதல் வேண்டும். அவ்விரண்டாம் வினாவிலிருந்தே ஆரியபட்டரின் முறையும் பிள்ளையின் ஆராய்ச்சியும் பிறந்தன. அது கேட்கப்படும் வகுப்பறை, மலைச்சரிவில் எத்துணைச் சிறியதாயினும், அறிவுலகின் நடுவிடத்தே அமைந்ததாகும்.